இருமலும் அஞ்சறைப் பெட்டியும்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் எங்கள் பாலவாக்கத்தில் கடல் காற்றுக்கே ஈரம் ஏறிவிடும். துவைத்த துணி காயாது. உப்பு ஜாடியில் நீர் கோத்துக்கொள்ளும். வீட்டுக்கு வீடு இருமல் சத்தம் கேட்கும்.

போன மழையில் ஒரு நாள், இரவு பத்து மணி இருக்கும். எதிர் வீட்டுப் பெண் மூன்று வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். கையில் ஒரு பாட்டில்.

"பெரியவனுக்குப் போன வருஷம் வாங்கின இருமல் மருந்து, மாமி. பாதி மீதி இருக்கிறது. இவனுக்குக் கொடுக்கலாமா?"

"வேண்டாம்" என்று பாட்டிலை வாங்கி வைத்துக்கொண்டேன். அதற்குக் காரணம் உண்டு, சகோதரிகளே.

2025-ம் ஆண்டு செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மத்தியப் பிரதேசத்தில் சிந்துவாரா பக்கம் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் பழுதாகி இறந்தன. அவை குடித்த இருமல் மருந்து நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. அதைச் சோதித்தபோது டை எதிலீன் கிளைக்கால் என்ற விஷம் 48.6 சதவிகிதம் இருந்தது. அனுமதித்த அளவு 0.1 சதவிகிதம்தான்! தமிழக அரசு அந்த மருந்தை உடனே தடை செய்தது. இதே விஷம் 1972-ல் நம் சென்னையிலேயே குழந்தைகளைப் பலி கொண்டிருக்கிறது. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்து எழுதிக் கொடுக்கக் கூடாது, ஐந்து வயது வரையில் பொதுவாகத் தேவையில்லை என்று மத்திய அரசு டாக்டர்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது.

அப்படியானால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதா? இல்லை. முதலில் பிள்ளையின் சட்டையைத் தூக்கி, மார்பு ஒரு நிமிஷத்தில் எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்று கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். முப்பத்திரண்டு. ஒரு வயது முதல் ஐந்து வயது வரை நாற்பதும், இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை ஐம்பதும், அதற்கும் சின்னச் சிசுவுக்கு அறுபதும் எட்டினால் அது அடுக்களை வைத்தியத்துக்கு உரியதல்ல. விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலும், உதடு நீலம் பாய்ந்தாலும், பால் குடிக்க மறுத்தாலும் இரவென்று பாராமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

இவனுக்கு அப்படி ஒன்றுமில்லை. அரைத் தேக்கரண்டி தேனை நாக்கில் தடவி, இளஞ்சூடாகக் கொஞ்சம் வெந்நீர் கொடுத்தேன். தேன் தொண்டையில் படிந்து அரிப்பை அடக்கும். பிள்ளை அம்மா தோளிலேயே தூங்கிப்போனான். ஆனால் ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேனைத் தொட்டும் வைக்காதீர்கள். சேனை வைக்கும் வழக்கமும் வேண்டாம். தேனில் சில சமயம் இருக்கும் கிருமி சிசுவின் குடலில் வளர்ந்து, தசைகளை முடக்கிவிடும்.

பெரியவர்களுக்குச் சில கை வைத்தியங்கள்:

வறட்டு இருமலுக்குப் பாலில் சிட்டிகை மஞ்சள் தூள், பொடித்த மிளகு, பனங்கற்கண்டு சேர்த்துக் காய்ச்சி, படுக்கும்போது குடிக்கலாம். சர்க்கரை வியாதிக்காரர்கள் கற்கண்டை விட்டுவிடுங்கள். அதிமதுரத் துண்டு ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டாலும் இதமாக இருக்கும். ரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கு அது ஆகாது.

கபம் கட்டினால் சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றையும் சம எடை வறுத்துப் பொடித்து, ஒரு சிட்டிகை தேனில் குழைத்துச் சாப்பிடலாம். தூதுவளை இலையை முள் நீக்கி, நெய்யில் வதக்கித் துவையல் அரைத்தால் சோற்றோடு மருந்தும் இறங்கும்.

ஆடாதோடை இலை இரண்டு, மிளகு நாலு, இரண்டு டம்ளர் தண்ணீரில் போட்டு அரை டம்ளராகச் சுண்டக் காய்ச்சினால் கஷாயம். இந்த இலையிலுள்ள வாசிசின் என்ற பொருளை அடியொற்றித்தான் கபத்தை இளக்கும் புரோம்ஹெக்சின் மருந்தே பிறந்தது. கர்ப்பிணிகள் மட்டும் இதைத் தொடக் கூடாது. சரக்கு நல்லதாக இருக்க வேண்டும். வைத்தியர்கள் 1944-ல் கூட்டுறவாகத் தொடங்கிய இம்காப்ஸ் பக்கத்துத் திருவான்மியூரில்தான் இருக்கிறது.

கதை இத்துடன் முடியவில்லை. மறுநாள் பிள்ளையைப் பார்க்கப் போனேன். கூடத்தில் அவன் பாட்டி இருமிக்கொண்டிருந்தார். "எனக்கென்ன அம்மா, ஒரு மாசமாக ஆடாதோடைதான். இருமல் கொஞ்சம் அடங்குகிறது, மறுபடி வருகிறது" என்றார். எனக்குச் சுருக்கென்றது. சாயங்கால வேளையில் லேசாகக் காய்ச்சல் வருமாம், உடம்பும் இளைத்திருந்தது. அன்றே அரசு சுகாதார நிலையத்துக்கு அழைத்துப்போய்ச் சளியைச் சோதிக்கச் சொன்னோம். காச நோய்! அதே வீட்டில்தான் அந்தப் பிள்ளையும் தவழ்ந்து விளையாடுகிறான். நல்ல வேளையாக அவனுக்குத் தொற்றவில்லை. பாட்டி ஆறு மாதம் அரசு தந்த மருந்தை இலவசமாகவே வாங்கிச் சாப்பிட்டு, இப்போது கோலம் போடும் அளவுக்குத் தேறிவிட்டார்.

அஞ்சறைப் பெட்டி இருமலின் வேதனையைத் தணிக்கும். இருமலின் காரணத்தை அது சொல்லாது. ஆகவே இரண்டு வாரம் தாண்டிய இருமல் எதுவானாலும், சளியில் ரத்தம் கண்டாலும், கஷாயப் பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டு டாக்டரிடம் போங்கள். இன்றே உங்கள் அலமாரியைத் திறந்து பாருங்கள். மீதமிருக்கும் பழைய இருமல் மருந்து பாட்டில் ஏதாவது கண்ணில் பட்டால், பிள்ளைகள் கைக்கு எட்டுமுன் அப்புறப்படுத்திவிடுங்கள்.