கடலோரத்தில் ஒரு தித்திப்பு

சமுத்திரத்தைப் பார்க்கப் போகிறவர்களுக்கு விசித்திரமான ஒரு குணம் ஏற்பட்டு விடுகிறது. வீட்டில் ஒரு கரண்டிப் பாயசத்தைக்கூட "வேண்டாம், வேண்டாம்" என்று தள்ளுகிற மனிதர், உப்புக் காற்று முகத்தில் பட்டவுடனே, "தித்திப்பாக ஏதாவது கிடைக்குமா?" என்று விசாரிக்க ஆரம்பிக்கிறார். குழந்தைகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதே இல்லை. ஆகையால் உல்லாசப் பிரயாணிகள் கூடுகிற கடற்கரை ஊர் எதுவானாலும் அங்கே மிட்டாய்க் கடைகளுக்குக் குறைவில்லை. நல்ல மிட்டாய் உண்டா என்பது வேறு விஷயம்.

எங்கள் திருவள்ளூர் ஜில்லாவில் அப்படிப்பட்ட ஊர் பழவேற்காடு. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஆறு நாள் இரும்போடு மல்லுக்கு நிற்கிறவர்கள் ஏழாவது நாள் மனைவி மக்களுடன் காற்று வாங்க இங்கேதான் வருகிறார்கள். சென்னையிலிருந்தும் கூட்டம் வருகிறது. பொன்னேரியில் ரயிலை விட்டு இறங்கி பஸ் ஏறினால் போதும். ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் கடல். பனிக்காலமானால் ஏரியில் பூநாரைகள் ஒற்றைக் காலில் தவம் செய்யும். டச்சுக்காரர்கள் 1613-ம் ஆண்டில் கட்டிய கெல்டிரியாக் கோட்டையின் மேடும், வாசலிலே எலும்புக்கூடுகளைச் செதுக்கி வைத்த அவர்களுடைய கல்லறைத் தோட்டமும் இருக்கின்றன.

இந்த டச்சுக்காரர்கள் மீது எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. ஜாதிக்காய், ஜாதிபத்திரி, கிராம்பு ஆகியவற்றின் வியாபாரம் முழுவதையும் கையில் வைத்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். அந்த வாசனைத் திரவியங்களை வாங்குவதற்கு இந்தக் கரையின் துணிகளைத்தான் கப்பலேற்றிக்கொண்டு போனார்கள். இலங்கையில் அவர்கள் இருந்ததற்கு அடையாளமாகச் சிங்களப் புத்தாண்டில் இன்றும் 'கொக்கிஸ்' பொரிக்கிறார்கள். அது நம்முடைய அச்சு முறுக்குக்கு உடன்பிறந்த சகோதரி. பறங்கியர் வீடுகளில் கிறிஸ்துமஸுக்கு 'ப்ரூடர்' என்ற ரொட்டி உண்டு. பழவேற்காட்டிலோ, 1825-ல் ஊரை இங்கிலீஷ்காரர்களிடம் கொடுத்துவிட்டுப் போனபோது நமக்கு விட்டுச் சென்றவை கல்லறைகள்தாம். கல்லறையைக் கடித்துத் தின்ன முடியுமா?

அவர்களை விடுங்கள். இப்போது கடைகளில் என்ன கிடைக்கிறது? கண்ணாடி ஜாடியில் கேக்கு, பெயரளவில் பால்கோவா, எங்கேயோ காய்ச்சி, எங்கேயோ அடைத்து, லாரியிலே வந்து இறங்கிய பர்பி. இவற்றைப் பழவேற்காட்டிலும் வாங்கலாம், மாமல்லபுரத்திலும் வாங்கலாம், எழும்பூர் ஸ்டேஷனிலும் வாங்கலாம். எந்த ஊருக்கும் சொந்தமில்லாத தித்திப்பு! கடற்கரையில் குழந்தைகளின் பிராணனான பஞ்சு மிட்டாயின் கதை இன்னும் மோசம். 2024 பிப்ரவரியில் அதைச் சோதனைச் சாலையில் பரிசோதித்துப் பார்த்தபோது, துணிக்கும் காகிதத்துக்கும் ஏற்றுகிற 'ரோடமின்-பி' என்னும் சாயம் அதில் இருந்தது. முதலில் புதுச்சேரியிலும், பிறகு தமிழ்நாட்டிலும் விற்பனையைத் தடை செய்தார்கள். தொழிற்சாலைக்குள் இருக்க வேண்டிய வஸ்து குழந்தையின் நாக்குக்கு வந்து சேர்ந்துவிட்டது!

நிமிர்ந்து பார்த்தால் தலைக்கு மேலேயே பனை மரங்கள் நிற்கின்றன. அவற்றின் அடியில்தான் அசல் தித்திப்பு கிடைத்தது. ஒரு வயதான அம்மாள் அரிவாளால் காயைச் சீவிச் சீவி நுங்கு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கட்டை விரலை விட்டு நெம்பினால் கண் முழுசாக வர வேண்டும், உள்ளே நீர் ததும்ப வேண்டும், அதுதான் இளநுங்கு. ஆறு கண்ணை விழுங்கிவிட்டு, "பதநீர் கிடைக்காதா, அம்மா?" என்று கேட்டேன்.

"மரம் நெறைய இருக்குது, சார். ஏறத்தான் ஆள் இல்லை. என் மவனே கும்மிடிப்பூண்டிக் கம்பெனிக்குப் போறான்" என்றாள்.

அந்த மகனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவனைப் போன்ற பிள்ளைகளுக்குக் கணக்கும் இங்கிலீஷும் சொல்லிக் கொடுத்துக் கம்பெனிக்கு அனுப்புவதே என் ஜீவனம். பதநீர் என்றால் சும்மா இல்லை. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவி வைக்காவிட்டால் புளித்துக் கள்ளாகிவிடும். பருவம் முழுவதும் தினம் இரண்டு தரம் ஏறிப் பாளையைச் சீவ வேண்டும். அப்படி இறக்கிய பதநீரில் ஏழெட்டு லிட்டரைக் காய்ச்சினால்தான் ஒரு கிலோ கருப்பட்டி. விறகு விலை வேறு. இவ்வளவுக்கும் பிறகு பிரயாணி வந்து, "சர்க்கரை விலைக்குத் தருவாயா?" என்று பேரம் பேசுகிறான். அவனைத் திருப்தி செய்வதற்காகவே சிலர் கருப்பட்டிப் பாகில் வெள்ளைச் சர்க்கரையைக் கலக்கிறார்கள்.

1934-ல் காந்திஜி கிராமக் கைத்தொழில் சங்கத்தை ஆரம்பித்தபோது அதன் வேலைகளில் பனைவெல்லமும் ஒன்றாக இருந்தது. 1978-ல் பனையை மாநில மரமாக்கினார்கள். 2021-ல், கலெக்டர் அனுமதியின்றிப் பனையை வெட்டக் கூடாது என்று அறிவித்தார்கள். எல்லாம் நல்ல காரியமே. ஆனால் உத்தரவு மரத்தில் ஏறுமா?

வேடிக்கை என்னவென்றால், பழவேற்காட்டு முஸ்லிம் ஸ்திரீகள் பனையோலையில் பெட்டி முடைவதில் பேர்போனவர்கள். மூடியும் வர்ணமுமாய், கையில் எடுத்தால் கீழே வைக்க மனம் வராது. பெட்டி இங்கே இருக்கிறது. அதற்குள் போடக் கருப்பட்டி வேண்டுமென்றாலோ, 600 கிலோமீட்டருக்கு மேல் தெற்கே, திருச்செந்தூருக்குப் பக்கத்து உடன்குடியைத்தான் நாட வேண்டியிருக்கிறது. உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது.

எங்கள் வீட்டில் இரண்டையும் சேர்த்துவிட்டார்கள். நுங்கின் மேல்தோலை உரித்துச் சிறு துண்டுகளாக்கி, கெட்டித் தேங்காய்ப் பாலில் போட்டு, வடிகட்டி ஆற வைத்த உடன்குடிக் கருப்பட்டிப் பாகைச் சேர்த்து, ஓர் ஏலக்காயைத் தட்டிப் போடுவது. அடுப்பில் ஏற்றக் கூடாது. ஏற்றினால் நுங்கு ரப்பராகிவிடும்.

சித்திரை, வைகாசியில் போகிறவர்கள் காலையிலேயே போய்ச் சேருவது உசிதம். வெயில் ஏறுவதற்குள் இளநுங்கு தீர்ந்து போகிறது. மூடி போட்ட பாத்திரம் ஒன்றைக் கையோடு கொண்டு போங்கள். தை மாதத்தில் போகிறவர்களுக்கு நுங்கு கிடையாது. பொங்கல் சமயத்துப் பனங்கிழங்கு உண்டு. ஓலைப் பெட்டி மட்டும் எந்த மாதத்திலும் வாங்கலாம்.