வழிகாட்டியின் கூலியில் பேரமா?

பீன்யா தொழிற்பேட்டையில் வேலை செய்யும் நண்பர்கள் எட்டுப் பேர், பொங்கல் விடுமுறையில் மலைக்காட்டுக்குப் போய்ச் சிங்கவால் குரங்கைப் பார்த்து வரத் திட்டம் போட்டார்கள். நல்ல திட்டம்தான். பெங்களூருக்குப் பிழைக்க வந்த நம்மவர்களுக்கு விடுமுறை என்றால் ஊருக்கு ஓடுவது, இல்லாவிட்டால் லால்பாக்கைச் சுற்றுவது. மூன்றாவதாக ஒன்றை நினைத்தார்களே என்று மகிழ்ந்தேன். அந்த மகிழ்ச்சி, செலவுக் கணக்குப் போடும் வரைதான் நீடித்தது.

ரயில், பஸ், தங்கும் அறை, சாப்பாடு என்று வரிசையாக எழுதினார்கள். எதையும் யாரும் கேள்வி கேட்கவில்லை. வழிகாட்டி கட்டணம் என்ற வரி வந்ததும் ஒருவர் பேனாவை வாங்கி அதை அடித்தார். "குரங்கைக் காட்ட ஓர் ஆளா? கைப்பேசியில் வரைபடம் இருக்கிறது. நாமே போய்க் கொள்ளலாம்" என்றார். இன்னொருவர், தமக்குத் தெரிந்த ஏஜெண்ட் ஒருவர் வேறொரு மலையில் அனுமதியும் ரசீதும் இல்லாமல் பாதிச் செலவில் உள்ளே அழைத்துப் போவார் என்றார். அந்த யோசனைக்குத்தான் ஆதரவு அதிகமாக இருந்தது.

அடிக்கப்பட்ட அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

நந்தி மலையிலும் கோயில் வாசலிலும் நம் கையிலிருந்து பழத்தைப் பிடுங்குவது நாட்டுக் குரங்கு. அதைப் பார்க்க வழிகாட்டி வேண்டாம். அதுவே நம்மைத் தேடி வரும். சிங்கவால் குரங்கின் கதை வேறு. சோலைமந்தி என்றும் அதைச் சொல்வார்கள். கரிய உடல், முகத்தைச் சுற்றி வெள்ளிநிறப் பிடரி, வால் நுனியில் சிங்கத்தினுடையதைப் போன்ற குஞ்சம். உலகத்தில் வேறு எங்கும் கிடையாது. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் ஆகிய மூன்று மாநிலங்களில், மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளில் மட்டுமே உண்டு. மொத்தத்தில் சுமார் நான்காயிரம்தான் இருக்கும் என்பது அறிஞர்களின் மதிப்பீடு. நல்ல காட்டில் அது தரைக்கு இறங்குவதே அரிது. உயர்ந்த மரங்களின் உச்சியிலேயே தின்று, உறங்கி, நகர்ந்துகொண்டே இருக்கும்.

அதைப் பார்க்கப் பெயர் பெற்ற இடங்களில் ஒன்று கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கு. அங்கே ஓடும் குந்திப்புழையில் அணை கட்டி மின்சாரம் எடுக்க 1970களில் திட்டம் போட்டார்கள். ஆசிரியர்களும் கவிஞர்களும் விஞ்ஞானிகளும் சேர்ந்து எதிர்த்தார்கள். அந்தப் போராட்டத்தின் சின்னமாக விளங்கியது இந்தக் குரங்கு. 1983ல் திட்டம் கைவிடப்பட்டது. 1984ல் அந்தக் காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஓர் அணையையே நிறுத்திய குரங்கைப் பார்க்கப் போகிறோம் என்ற நினைவு, பயணச் சீட்டு வாங்கும்போதே நமக்கு இருக்க வேண்டும்.

போகும் வழி கடினமானதல்ல. பெங்களூரில் இரவு ரயில் ஏறினால் காலையில் கோவை. அங்கிருந்து ஆனைகட்டி, அகளி வழியாக முக்காலி. அதற்கு அப்பால் நம் வண்டிக்கு அனுமதி இல்லை. வனத்துறையிடம் முன்பதிவு செய்து, ஏற்பாடு செய்யப்படும் ஜீப்பில், வழிகாட்டியோடுதான் சுமார் 23 கிலோமீட்டர் உள்ளே இருக்கும் சைரந்திரிக்குப் போக வேண்டும். அங்கிருந்து ஆற்றை நோக்கிச் சிறிது தூரம் நடக்கலாம்.

சில ஆண்டுகளுக்கு முன் நானும் போயிருக்கிறேன். உண்மையைச் சொன்னால், வழிகாட்டியாக வந்த பழங்குடி இளைஞரைப் பார்த்து, இவருக்கு எதற்குத் தனிக் கட்டணம் என்று மனத்துக்குள் முணுமுணுத்தவன்தான் நானும். நாங்கள் பேசிக்கொண்டே நடந்தோம். அவர் வாயில் விரலை வைத்து எங்களை அடக்கினார். பாதையில் கிடந்த முள்தோல் ஒன்றைக் குனிந்து எடுத்தார். வெடிபலாக் காயின் தோல் அது. பல் பட்ட இடம் இன்னும் ஈரமாக இருந்தது. "இப்போதுதான் தின்றிருக்கிறது, சார்" என்று மெல்லிய குரலில் தமிழிலேயே சொல்லிவிட்டு அண்ணாந்து பார்த்தார். நாங்களும் பார்த்தோம். இலையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. அவர் கை காட்டிய திசையில் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்த பிறகுதான் கிளை அசைந்தது. பிடரி தெரிந்தது. தாயின் வயிற்றில் தொற்றிக்கொண்டிருந்த குட்டியும் தெரிந்தது.

அவர் இல்லாவிட்டால் அந்தத் தோலை மிதித்துக்கொண்டு போயிருப்போம். வீட்டுக்கு வந்து, காட்டில் ஒன்றுமே இல்லை என்று சொல்லியிருப்போம்.

வழிகாட்டி காட்டுவது குரங்கை மட்டுமல்ல, ஆபத்தையும்தான். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத் தீ சூழ்ந்து, மலையேறப் போனவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அனுமதி பெறாத பாதையில் போனார்கள் என்று வனத்துறை சொன்னது. அதன் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024ல் வனத்துறையே 40 பாதைகளைத் திறந்து, உள்ளூர் மக்களை வழிகாட்டிகளாக்கியது. தீ பரவும் கோடைப் பருவத்தில் அந்தப் பாதைகள் மூடப்படுகின்றன. நம் கர்நாடகத்து மலைநாட்டிலோ வேறொரு ஆபத்து உண்டு. 1957ல் சிவமொக்கா மாவட்டத்தில் முதலில் கண்டறியப்பட்ட குரங்குக் காய்ச்சல், காட்டு உண்ணி கடிப்பதால் மனிதருக்கும் வருகிறது. எந்தப் பக்கம் குரங்குகள் செத்துக் கிடந்தன, எந்தப் பக்கம் இப்போது போகக் கூடாது என்பதை அந்த ஊர்க்காரர் அறிவார். கைப்பேசி வரைபடம் அறியாது. ரசீது இல்லாமல் கூட்டிப் போகும் ஏஜெண்ட், ஆபத்து வந்தால் நம்மைத் தெரியாது என்று சொல்லிவிடுவார்.

குரங்குக்கும் இதில் நன்மை உண்டு. வால்பாறைப் புதுத்தோட்டத்தில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே காடு துண்டு துண்டாகிவிட்டது. அங்கே இதே சிங்கவால் குரங்கு ரோட்டில் இறங்கி வண்டியில் அடிபடுகிறது. மரத்துக்கு மரம் கயிற்றுப் பாலம் கட்டியும், காவலுக்கு ஆள் போட்டும் காப்பாற்றப் பாடுபடுகிறார்கள். நாம் அன்பாக வீசும் ஒரு பிஸ்கட்கூட அதை ரோட்டுக்குப் பழக்கும். வீச ஓங்கும் கையைத் தடுக்க, பக்கத்தில் ஒருவர் வேண்டும்.

இனி கூலிக்கு வருகிறேன். லேத் மெஷினில் பத்து வருடம் நின்றவரிடம், "பட்டனை அமுக்குவதற்கா இவ்வளவு சம்பளம்?" என்று ஒருவன் கேட்டால் நமக்குக் கோபம் வராதா? நம் கைத்தொழிலுக்கு மதிப்பு வேண்டும், ஓவர்டைமுக்கு உரிய கூலி வேண்டும் என்று வாசலில் நின்று கேட்கிறவர்கள் நாம். காட்டை எழுத்துப் போல வாசிக்கும் ஒருவரின் வாழ்நாள் பயிற்சி மட்டும் நமக்கு வீண் செலவாகத் தோன்றலாமா? காட்டை நம்பி வாழ்ந்த அந்த மக்களுக்கு, காடு நிற்பதால் கிடைக்கும் வருமானம் இது. அது தடையின்றிக் கிடைத்தால் காட்டுக்கு அவரைவிடச் சிறந்த காவலர் இருக்க முடியாது.

அரசாங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. கட்டணம் மாதச் சம்பளக்காரனுக்குச் சுமை என்பது உண்மையே. தொழிலாளர் குடும்பங்களுக்கு வார நாட்களில் சலுகை தரலாம். ஆனால் அந்தச் சலுகை வழிகாட்டியின் பங்கிலிருந்து வெட்டப்படக் கூடாது. மழைக்காலத்திலும் தீக்காலத்திலும் பாதையை மூடும்போது அவருடைய அடுப்பு எரிய வேறு வேலையும் கொடுக்க வேண்டும்.

பீன்யா நண்பர்கள் வருகிற ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் கூடுகிறார்கள். அவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். செலவு மிஞ்சினால் தங்கும் அறையில் குறையுங்கள். ஒரு வேளை ஓட்டல் சாப்பாட்டை விட்டுப் புளிச்சோறு கட்டிக்கொண்டு போங்கள். அடித்த அந்த வரியை மட்டும் மறுபடியும் எழுதிவிடுங்கள்.