போல்டுக்கு ஏற்ற நட்டு!



லேத்தில் த்ரெட் வெட்டச் சொன்னால் அசராமல் வெட்டுகிறோம். மைக்ரோமீட்டரைக் கையில் கொடுத்தால் 0.01 மில்லிமீட்டர் வரை கணக்காகச் சொல்கிறோம். ஆனால் கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலோ காக்களூர் எஸ்டேட்டிலோ இன்டர்வியூ என்று போய் உட்கார்ந்ததும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது! வார்த்தை தெரியாமல் இல்லை. 'இன்டரஸ்டட்' தெரியும். அதற்குப் பின்னால் 'இன்'னா, 'ஆன்'னா, 'அட்'டா? இந்த ரெண்டெழுத்துக்குப் பயந்தே வாயை மூடிக்கொள்கிறோம். ('இன்'தாங்க சரி!)

ஏன் இந்தக் குழப்பம்? தமிழில் யோசித்து, உருபை அப்படியே தூக்கி ஆங்கிலத்தில் வைக்கிறோம். 'அவன் மேல் கோபம்' உடனே 'ஆங்ரி ஆன் ஹிம்' ஆகிவிடுகிறது. ஆங்கிலத்திலோ ஆளிடம் கோபம் என்றால் 'ஆங்ரி வித்', விஷயத்தைப் பற்றிய கோபம் என்றால் 'ஆங்ரி அபவுட்'.

"இங்கிலீஷ்காரன் ஏன்டா இப்படிப் படுத்தறான்?" என்று அலுத்துக்கொள்ள வேண்டாம். நம்ம தமிழ் மட்டும் லேசா? 'நாய்க்குப் பயம்' என்றால் பயப்படுவது நாய். 'நாய்க்குப் பயந்து ஓடினான்' என்றால் பயப்படுவது அவன். உருபு ஒன்று, பொருள் இரண்டு! அச்சத்தைக் குறிக்கும் சொல்லுக்கு எந்த வேற்றுமை வரும் என்று சொல்ல, தொல்காப்பியர் வேற்றுமை மயங்கியலில் தனிச் சூத்திரமே வைத்திருக்கிறார். இரண்டாவதும் வரலாம், ஐந்தாவதும் வரலாம் என்கிறார். 'புலியை அஞ்சினான்', 'புலியின் அஞ்சினான்' இரண்டும் சரியே. இதையெல்லாம் மனப்பாடம் செய்துவிட்டா நாம் தமிழ் பேசினோம்? காதால் கேட்டு, வாயால் பேசி வந்ததுதானே!

என் கருத்து இதுதான்: எல்லாத் தப்பும் ஒரே சைஸ் இல்லை. 'ஆங்ரி ஆன்' என்று சொன்னாலும் எதிரில் இருப்பவருக்குப் புரிந்துவிடும். அதற்காக வாயடைத்து நிற்பது வீண். பொருளையே மாற்றிவிடும் இடங்களில்தான் முதலில் கவனம் வேண்டும்.

'டயர்ட் ஆஃப்டர் த நைட் ஷிஃப்ட்' என்றால் நைட் ஷிஃப்ட் முடித்து உடம்பு களைத்திருக்கிறது. 'டயர்ட் ஆஃப் த நைட் ஷிஃப்ட்' என்றால் நைட் ஷிஃப்ட்டே வெறுத்துவிட்டது! இன்ஜினியர் காதில் இது எப்படி விழும், யோசியுங்கள். 'கன்சர்ன்ட் அபவுட் சேஃப்டி' என்றால் பாதுகாப்பைப் பற்றிக் கவலை. 'கன்சர்ன்ட் வித் சேஃப்டி' என்றால் பாதுகாப்பு சம்பந்தப்பட்டது. 'அஃப்ரெய்ட் ஆஃப் ஹிம்' என்றால் அவனிடம் பயம். 'அஃப்ரெய்ட் ஃபார் ஹிம்' என்றால் அவனுக்கு என்ன ஆகுமோ என்ற பயம்.

எம்10 போல்டுக்கு எம்12 நட்டைப் போட்டால் பிடிக்குமா? உணர்ச்சியைச் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் ஒரு போல்டு. அதன் நட்டையும் சேர்த்தே ஸ்டோரில் வாங்குங்கள். 'ப்ரவுட்' என்று தனியாகப் படிக்காமல் 'ப்ரவுட் ஆஃப்' என்றே படியுங்கள். 'ஒர்ரீட் அபவுட்', 'சேட்டிஸ்ஃபைட் வித்' எல்லாம் அப்படித்தான்.

நம் மாணவர் பேரவைக்கும் ஒரு வேண்டுகோள். ஒர்க்‌ஷாப் வாசலில் ஒரு கரும்பலகை போதும். நாளுக்கு ஒரு ஜோடி எழுதுவோம். மதிய இடைவேளையில் பத்து நிமிடம் அதை வைத்து நமக்குள் பேசுவோம். தப்பினால் சிரிக்காமல் திருத்துவோம். பத்தாவது வரை தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! கையில் தொழில் இருந்தும், ரெண்டெழுத்துச் சொல்லால் அவர்களில் ஒருவர்கூட வேலையை இழக்கக் கூடாது.

என்ன நண்பர்களே, நாளைக்கே ஆரம்பிக்கலாமா?