மாடி வீட்டுல பெரிய மீன் தொட்டியா? விலையைக் கேக்குறதுக்கு முன்னாடி எடையைக் கேளுங்க

சென்னை கொளத்தூர் பக்கம் போய் நாலடி மீன் தொட்டி வாங்கணும்னு ஆசைப்படுறவங்க பெரும்பாலும் போடுற கணக்கு இதுதான். தொட்டி எவ்வளவு, ஃபில்டர் எவ்வளவு, மீன் எவ்வளவு, கரண்ட் பில் எவ்வளவு ஏறும்? இதுல ஒரு கேள்வி விட்டுப்போகுது: நம்ம வீட்டுத் தளம் இதைத் தாங்குமா? என்னைக் கேட்டா, அதுதான் முதல் கேள்வி.

கணக்கைப் பாருங்க. 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், 2 அடி உயரம்னா 12 கன அடி. கிட்டத்தட்ட 340 லிட்டர். ஒரு லிட்டர் தண்ணி ஒரு கிலோ. மேல கொஞ்சம் இடம் விட்டாலும் தண்ணியே 300 கிலோவுக்கு மேல. 12 மி.மீ. கண்ணாடி, மணல், கல், ஸ்டாண்டு எல்லாம் சேர்த்தா 450 முதல் 500 கிலோ வந்துடும். இவ்வளவு எடையும் உட்காருற இடம் வெறும் 6 சதுர அடி. அதாவது சதுர மீட்டருக்கு 800 கிலோவுக்கு மேல.

வீட்டு அறைகளுக்கு ஐ.எஸ். 875 விதி சொல்ற அளவு, சதுர மீட்டருக்கு சுமார் 200 கிலோ. அப்படின்னா வெச்ச உடனே தளம் இடிஞ்சிடுமா? இல்லீங்க. அது உடையுற அளவு இல்ல. அதுக்கு மேல பாதுகாப்புக்குன்னு ஒரு இடைவெளி விட்டுத்தான் டிசைன் பண்ணுவாங்க. 10-க்கு 12 அறை முழுசுக்கும் பார்த்தா 2,200 கிலோ வரைக்கும் கணக்குல இருக்கு. அதனால எங்க வைக்கிறோம்ங்கிறதுதான் விஷயம். கீழ பீம் இல்லன்னா சுமை தாங்குற சுவர் வர்ற இடத்துல, சுவரை ஒட்டி வெச்சா கவலை குறைவு. அறை நடுவுல வெச்சா ஆபத்து. பால்கனி வேணவே வேணாம். வீட்டுக்கு வர்ற சொந்தக்காரங்க பத்துப் பேர் சாயங்காலம் கிளம்பிடுவாங்க. தொட்டி வருஷக்கணக்கா அங்கேயே நிக்கும். நிரந்தரச் சுமையில கான்கிரீட் மெல்ல மெல்லத் தொய்யும்.

இதெல்லாம் நல்ல நிலையில இருக்கிற தளத்துக்கு. பெரிய முதலியார்சாவடியில ஈசிஆருக்கும் கடலுக்கும் நடுவுல வாடகைக்கு இருக்கீங்களா? அப்ப கணக்கு வேற. பாண்டிச்சேரியில இருந்து மரக்காணம் உப்பளம் வரைக்கும் இந்தக் கரை முழுக்க உப்புக் காத்து. உப்பு கான்கிரீட்டுக்குள்ள போய் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு பிடிச்ச கம்பி உப்பி, மேல இருக்கிற கான்கிரீட்டைத் தள்ளி உடைச்சிடும். அதனாலதான் ஐ.எஸ். 456 விதி, கடலோரக் காத்து நேரா படுற கட்டடத்துக்கு எம்30 கான்கிரீட்டும், கம்பிக்கு மேல 45 மி.மீ. மூடலும் கேக்குது. பழைய வாடகை வீட்டை எந்தக் கலவையில கட்டினாங்கன்னு உங்களுக்கும் தெரியாது, சில நேரம் ஓனருக்கும் தெரியாது. கீழ் வீட்டுக் கூரையில பழுப்புக் கறை, கம்பி போற வழியில விரிசல், தட்டினா பொக்குன்னு சத்தம் இருந்தா, பெரிய தொட்டி ஆசையை அங்கேயே விட்டுடுங்க. கடல் மீன் தொட்டின்னா இன்னும் மோசம். கசியுற உப்புத் தண்ணியை நாமளே தளத்துக்குள்ள அனுப்புறோம்.

தளம் தாங்கினாலும் கண்ணாடி தாங்கணும். 2022 டிசம்பர் 16 அன்னிக்கு பெர்லின்ல ஒரு ஹோட்டலுக்குள்ள இருந்த அக்வாடோம் தொட்டி வெடிச்சுது. 10 லட்சம் லிட்டர் தண்ணி ரோடு வரைக்கும் ஓடுச்சு. உங்க 300 லிட்டர் ஓடப்போறது கீழ் வீட்டுக்காரங்க கட்டில், டிவி, ஸ்விட்ச் போர்டு மேல. உங்க வீட்டுக்கு இன்ஷூரன்ஸ் இருந்தாலும், அடுத்தவங்க நஷ்டத்துக்கு அதுல கவர் இருக்கான்னு தனியா கேட்டு எழுத்துல வாங்கணும். இல்லன்னா அந்தப் பணம் உங்க எமர்ஜென்சி ஃபண்ட்ல இருந்துதான் போகும். அட்வான்ஸும் திரும்பக் கைக்கு வராம போகலாம்.

அதனால நான் சொல்றது இதுதான். 2 அடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டி 60 லிட்டருக்குள்ள முடியும். எல்லாம் சேர்த்து ஒரு பெரிய ஆள் எடைதான். நல்ல தளமா இருந்தா தாராளமா வைங்க. நாலடித் தொட்டி வேணும்னா, ஓனர்கிட்ட எழுத்துல சம்மதம் வாங்குங்க. ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூட்டிட்டு வந்து காட்டுங்க. அவர் ஃபீஸைத் தனிச் செலவா பார்க்காதீங்க, தொட்டி விலையோட சேர்த்து பட்ஜெட்டுல எழுதுங்க. அந்த மொத்தம் கட்டுப்படியாகலன்னா, அந்தத் தொட்டி இப்போதைக்கு நம்ம பட்ஜெட்டுக்கு மேலன்னுதான் அர்த்தம். இஎம்ஐ போட்டு வாங்குறது அதுக்குத் தீர்வு இல்ல. தரைத்தள வீட்டுக்கு மாறுற வரைக்கும் பொறுங்க. நம்ம ஆசைக்கு கீழ் வீட்டுல தூங்குற குழந்தை தலைக்கு மேல அரை டன்னை ஏத்துறது நியாயம் இல்ல.