முதலில் எந்த மொழி?

"பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் கற்றுக்கொடுக்க வேண்டும். முதலில் எந்த மொழி படிக்க வைப்பது?"

காஞ்சீபுரத்தில் பல வீடுகளில் இந்தக் கேள்வி எழுகிறது. நெசவுக் கூலியில் மிச்சம் பிடித்துச் சம்பளம் கட்டுகிற பெற்றோர் உண்டு. அந்தப் பணம் வீணாகக் கூடாது.

கம்ப்யூட்டர் தானாக எதையும் செய்யாது. செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்வதற்கு ஏற்பட்டதே கம்ப்யூட்டர் மொழி.

இது நெசவாளருக்குப் புதிது அல்ல. தறியின் மேலே இருக்கும் ஜக்கார்டு அட்டைகளைப் பாருங்கள். ஓட்டை இருந்தால் பாவு இழை எழும்பும். இல்லாவிட்டால் எழும்பாது. அட்டை சொல்லும், சேலையில் மயில் விழும்! பிரான்சு நாட்டு ஜக்கார்டு 1804-ல் உருவாக்கிய தறி அது. அதைப் பார்த்தே இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ், தமது கணக்கு எந்திரத்துக்கும் ஓட்டை அட்டைகளை வைக்கத் திட்டமிட்டார்.

தறி பழக வருகிறவரை முதல் நாளே கோர்வைச் சேலையில் உட்கார வைப்பது உண்டா? இல்லை. கம்ப்யூட்டரிலும் எளியதில்தான் தொடங்க வேண்டும்.

"வணக்கம்" என்று திரையில் காட்ட, ஜாவா மொழியில் பல வரிகள் எழுதுவது வழக்கம். பைதானில் ஒரே வரி போதும். தொடக்கத்தில் பயம் வராது. பைதான் 1991-ல் வெளிவந்தது. அதற்கு விலை கிடையாது. 2019-ல் வந்த தமிழ்நாட்டுப் பிளஸ் டூ கணினி அறிவியல் பாடநூலிலும் அது இடம் பெற்றது. ஆகவே, உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்குப் பைதான் நல்ல தொடக்கம்.

சிறுவர்களுக்கு ஸ்கிராட்ச் ஏற்றது. கட்டைகளை அடுக்குவது போலக் கட்டளைகளை அடுக்கலாம். இதுவும் இலவசம்.

ஆங்கிலம் தடையாக இருக்கிறதா? தமிழிலேயே கட்டளை எழுத "எழில்" என்ற மொழி உண்டு. அதில் "பதிப்பி" என்றால் திரையில் எழுத்து வரும்.

சி, ஜாவா வேண்டாம் என்பது அல்ல. அவை பிறகு வரட்டும். ஒன்றை நன்றாகக் கற்றவருக்கு அடுத்தது சீக்கிரம் பிடிபடும்.

"ஒரே மாதத்தில் பத்து மொழி" என்று யாராவது சொன்னால் பணத்தைக் கொடுத்து விடாதீர்கள். முதலில் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். தார் சுற்றுவது எப்படி என்று, ஒன்றும் விடாமல், வரிசையாக எழுதச் சொல்லுங்கள். மகனுக்கு மட்டும் அல்ல, மகளுக்கும் இந்தச் சோதனை வையுங்கள்.

வரிசையாகச் சிந்திக்கப் பழகிய பிள்ளைக்கு எந்த மொழியும் கைவசமாகும்.