கூரையில் சோலார், அதன்மேல் கரிசல் புழுதி



2024 பிப்ரவரியில் பிரதமரின் சூரிய வீடு திட்டம் வந்து, 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் என்றானபின், "கூரையில் சோலார் தகடு மாட்டினால் போதும், கரண்ட் பில்லே வராது" என்ற பேச்சு பரவியிருக்கிறது. இது கவலை தருகிறது. ஒரு கிலோவாட் நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் தரும் என்பது சுத்தமான தகட்டின் கணக்கு. கோவில்பட்டி வட்டாரத்தில் ஆனி, ஆடிக் காற்று கரிசல் புழுதியை அள்ளிவந்து கண்ணாடியில் படியவைக்கிறது. மழை கழுவிவிடாதா என்பார்கள். நமக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான். அதற்கு முன் விழும் தூறல் புழுதியைச் சேறாக்கி ஒட்டவைக்கும், அவ்வளவே. குடிக்கவே தண்ணீருக்குத் திண்டாடும் ஊரில் தகடு கழுவுவதா என்ற கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் அதிகாலையில், தகடு சூடேறுமுன், ஒரு வாளித் தண்ணீரும் மென்மையான துணியும் போதும். உப்பு நீரானால் காயுமுன் துடைத்துவிட வேண்டும். இல்லையேல் வெள்ளைப் படலம் தங்கிவிடும்.

பலரை ஏமாற்றமடையச் செய்வது மின்தடை. பேட்டரி இல்லாமல் மின்வாரிய இணைப்போடு ஓடும் இன்வெர்ட்டர், கரண்ட் போனதும் உச்சிவெயிலிலும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்யும் ஊழியரின் உயிரைக் காக்கும் ஏற்பாடு அது, குறையல்ல. விற்கும்போதே அதைச் சொல்லாததுதான் குறை. மானியத் திட்டத்தில் பொருத்துபவருக்கு 5 ஆண்டுப் பராமரிப்புப் பொறுப்பும் இருக்கிறது. துடைப்பது யார், பழுதானால் எத்தனை நாளில் வருவார்கள் என்பதை முன்பணம் கொடுக்குமுன்பே எழுத்தில் வாங்குவது வீட்டுக்காரரின் உரிமை.

ஒரு வாசகர்,
கோவில்பட்டி