சில்லறை சிகரெட்டுக்குத் தடை வேண்டும்

சிகரெட் பெட்டியின் முன்பக்கத்திலும் பின்பக்கத்திலும் 85 விழுக்காடு இடத்தில் நோயின் படமும் எச்சரிக்கையும் இருக்க வேண்டும் என்ற விதி 2016 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. புகையிலை நிறுவனங்கள் நீதிமன்றம் போயின. 2017 டிசம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது. இத்தனை பாடுபட்டுக் காப்பாற்றிய அந்தப் படத்தைப் பார்ப்பவர் யார்? பெரும்பாலும் கடைக்காரர்தான். நம்மூர்ப் பெட்டிக்கடையிலும் டீக்கடையிலும் ஒரு சிகரெட், மிஞ்சினால் இரண்டு என்று வாங்குகிறவர்களே அதிகம். பெட்டி கல்லாப் பக்கம் இருந்துவிடுகிறது. வாங்குபவர் கைக்குச் சிகரெட் மட்டும் வருகிறது; பற்றவைக்கக் கயிற்றில் லைட்டர் தொங்குகிறது.

2018 செப்டம்பர் முதல் இன்னொன்றும் அந்தப் பெட்டியில் அச்சாகிறது. புகையை விட நினைப்பவர் அழைத்துப் பேசுவதற்கான கட்டணமில்லாத் தொலைபேசி எண் அது. ஒவ்வொன்றாக வாங்கிப் புகைப்பவருக்கு அப்படி ஓர் எண் இருப்பதே தெரியாது. திரையரங்கில் படம் தொடங்குமுன் எச்சரிக்கிறோம், படத்தில் யாராவது புகைத்தால் அடியில் வாசகம் ஓட்டுகிறோம். பணம் கொடுத்து வாங்கும் அந்த நொடியில் மட்டும் ஒரு வார்த்தையும் இல்லை.

தமிழ்நாடு அரசு சில்லறை சிகரெட் விற்பனையைத் தடை செய்ய வேண்டும். பீடியையும் அந்தத் தடையில் சேர்க்க வேண்டும்.

‘ஒன்றே ஒன்றுதானே’ என்பது புகைப்பவர் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளும் சமாதானம். காலையில் டீயோடு ஒன்று, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று. பெட்டி பெட்டியாக ஊதுகிறவருக்குத்தான் ஆபத்து, நமக்கென்ன என்ற நினைப்பு பரவலாக இருக்கிறது. இதயத்தைப் பொறுத்தவரை இந்த நினைப்பு முற்றிலும் தவறு. லண்டன் ஆய்வாளர்கள் 141 ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்ட முடிவு இது: நாளுக்கு 20 சிகரெட் புகைக்கும் ஆணுக்கு இதயநோய் ஆபத்து எவ்வளவு கூடுகிறதோ, அதில் ஏறக்குறைய பாதி, நாளுக்கு ஒன்று மட்டும் புகைப்பவருக்கும் கூடுகிறது. இருபதில் ஒரு பங்குதான் புகைக்கிறோம் என்பதால் ஆபத்தும் இருபதில் ஒரு பங்காகிவிடாது.

இது ஏன் என்று புரிந்துகொள்வது கடினமில்லை. இழுத்த புகையிலிருந்து நிக்கோடின் பத்து இருபது நொடிகளில் மூளையை எட்டுகிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது, ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்கிறது. ஆகவே, இதயம் கூடுதலாக உழைக்கும் அந்த நேரத்தில் அதற்குக் கிடைக்கும் ஆக்சிஜன் குறைகிறது. ரத்தக்குழாயின் உட்சுவர் புண்படுகிறது. ரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளத் தயாராகின்றன. கொஞ்சம் புகையே இத்தனையையும் செய்துவிடும். ஏற்கெனவே கொழுப்பு படிந்து குறுகிய குழாயில் ஒரு சிறு ரத்தக்கட்டி வந்து அடைத்தால், அதுதான் மாரடைப்பு. முப்பத்தைந்து, நாற்பது வயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வரும் ஆண்களிடம் மருத்துவர் முதலில் கேட்கும் கேள்விகளுள் புகைப்பழக்கமும் ஒன்றாக இருப்பது இதனால்தான்.

நுரையீரல் புற்றுநோயின் கணக்கு வேறு. எத்தனை சிகரெட் என்பதைக் காட்டிலும் எத்தனை ஆண்டு என்பது அங்கே பெரிய கேள்வி. மாடிப்படி ஏற முடியாமல் மூச்சு வாங்க வைக்கும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், இளம் வயதிலேயே கால்விரல்களைக் கருக வைக்கும் பர்ஜர் நோய் என்று பட்டியல் நீளும். நம் மண்ணிலேயே கண்டறிந்த ஒன்றை மட்டும் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும்.

சென்னையைச் சேர்ந்த மருத்துவ ஆய்வாளர் வெ. கஜலட்சுமியும் ஆக்ஸ்போர்டின் ரிச்சர்ட் பீட்டோவும் சக ஆய்வாளர்களும் தமிழ்நாட்டின் நகரங்களிலும் கிராமங்களிலும் இறந்த 43,000 ஆண்களின் புகைப்பழக்கத்தை விசாரித்து, உயிரோடிருந்த 35,000 பேருடன் ஒப்பிட்டார்கள். முடிவு 2003-இல் லான்செட் இதழில் வந்தது. புகைக்காதவரோடு ஒப்பிட்டால் புகைப்பவர் காசநோயால் இறக்கும் வாய்ப்பு நான்கு மடங்கு. அந்த ஆண்களின் காசநோய்ச் சாவுகளில் ஏறத்தாழ பாதிக்குப் புகையே காரணம். கிருமி பலர் உடலில் உறங்கிக் கிடக்கும் நாடு இது. புகை நுரையீரலின் காவலைக் குலைக்கிறது. உறங்கிய கிருமி விழித்துக்கொள்கிறது. உலகின் காசநோயாளிகளில் நான்கில் ஒருவர் இந்தியர். வீடு தேடிச் சென்று சளி பரிசோதித்து, மாதக்கணக்கில் இலவசமாக மாத்திரை தரும் அரசு, அந்த நோயைக் கொலைகார நோயாக்கும் பொருள் ஒவ்வொன்றாக விலைபோவதைப் பார்த்துக்கொண்டிருப்பது எந்த வகையில் சரி?

இந்தியா முழுவதும் புகையிலைப் பழக்கம் குறைந்துகொண்டிருந்த காலத்தில் இங்கே அது கூடியது. வயதுவந்தோரிடம் நடத்திய தேசியக் கணக்கெடுப்புகளின்படி, 2009-10-இல் 34.6 விழுக்காடாக இருந்த நாட்டின் அளவு 2016-17-இல் 28.6 ஆக இறங்கியது. தமிழ்நாட்டில் 16.2 விழுக்காடு 20 ஆக ஏறியது. நாட்டின் சராசரிக்குக் கீழேதான் இருக்கிறோம் என்பதில் ஆறுதல் தேடலாகாது. திசை தவறாக இருக்கிறது.

பழகத் தொடங்கும் எவனும் முதல் நாளே முழுப் பெட்டி வாங்குவதில்லை. பள்ளியின் கடைசி வகுப்பிலோ கல்லூரியின் முதலாண்டிலோ, நண்பர்களோடு கடை ஓரத்தில் நின்று ஒன்றை வாங்கி மூன்று பேர் இழுக்கிறார்கள். பேருந்துக்குக் கொடுத்த காசு அதற்குப் போதும். பெட்டியாகத்தான் கிடைக்கும் என்றால் காசும் அதிகம் வேண்டும், வாங்கிய பெட்டியை வீட்டில் மறைத்து வைக்கவும் வேண்டும். பல பிள்ளைகள் அங்கேயே பின்வாங்குவார்கள். வளர்ந்து முடியாத மூளையில் நிக்கோடின் சீக்கிரம் வேரூன்றும் என்பதால், அந்த வயதில் தள்ளிப்போடும் ஒவ்வோர் ஆண்டும் லாபம். 18 வயதுக்குட்பட்டோருக்கு விற்கக் கூடாது, கல்வி நிலையத்திலிருந்து 100 கெஜத்துக்குள் விற்கக் கூடாது என்று 2003-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. மிட்டாய் ஜாடிக்குப் பக்கத்தில் திறந்த சிகரெட் பெட்டி இருக்கும்வரை அந்தச் சட்டம் ஏட்டில்தான் இருக்கும்.

வரி உயர்வும் இப்படித்தான் கரைந்துபோகிறது. பத்து சிகரெட் கொண்ட பெட்டிக்குப் பத்து ரூபாய் ஏற்றினால், பெட்டி வாங்குபவர் ஒரு கணம் யோசிப்பார். ஒன்று வாங்குபவருக்கு அது ஒரு ரூபாய். புகையிலைக்கு எதிராக உலகெங்கும் நன்றாகப் பலன் தந்த கருவி விலையேற்றம். சில்லறை விற்பனை அதன் முனையை மழுக்கிவிடுகிறது.

இந்தக் கோரிக்கை புதியதும் அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையை இந்தியா 2004-இல் ஏற்றது. சிகரெட்டைத் தனித்தனியாக விற்பதைத் தடுக்க முயல வேண்டும் என்று அதன் 16-ஆம் பிரிவு கூறுகிறது. மத்திய அரசு 2015-இலும் 2020-இலும் தயாரித்த சட்டத்திருத்த வரைவுகளில் இந்தத் தடை இருந்தது. இரண்டும் வரைவாகவே நின்றன. புற்றுநோய் குறித்து 2022-இல் அறிக்கை தந்த நாடாளுமன்ற நிலைக்குழுவும் இதையே பரிந்துரைத்தது. டெல்லிக்காகக் காத்திருக்கத் தேவையில்லை என்று மகாராஷ்டிரம் காட்டியது. எச்சரிக்கைப் படம் இல்லாமல் விற்பது 2003 சட்டத்தின் நோக்கத்துக்கே எதிரானது என்ற அடிப்படையில், 2020 செப்டம்பரில் அம்மாநில அரசு சில்லறை சிகரெட்டையும் பீடியையும் தடை செய்தது. அங்கே மூலை முடுக்கெல்லாம் தடை நடைமுறையாகிவிட்டது என்று சொல்ல முடியாதுதான். ஆனாலும், ஆணை இருந்தால்தானே அதிகாரி நடவடிக்கை எடுக்க முடியும்? குட்கா, பான்மசாலாவை 2013-இல் தடை செய்து அதைத் தொடர்ந்து நீட்டித்து வரும் தமிழ்நாட்டுக்கு இந்தப் பாதை பழக்கமானதே.

எதிர்வாதங்களில் ஒன்று கனமானது. இரண்டு வாங்குகிறவரைப் பெட்டி வாங்கச் செய்தால், கையில் இருக்கிறதே என்று அவர் கூடுதலாகப் புகைக்க மாட்டாரா? சிலர் புகைப்பார்கள். அதனால்தான் தடையோடு உதவியும் சேர்ந்து வர வேண்டும் என்கிறோம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் பணியாளர்கள், ‘புகைக்கிறீர்களா, விட விருப்பமா’ என்றும் கேட்கட்டும். விருப்பம் சொன்னவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆலோசனையும் நிக்கோடின் சூயிங்கமும் கட்டணமின்றிக் கிடைக்கட்டும்.

பெட்டிக்கடைக்காரரின் பிழைப்பு பற்றிய கவலையும் உண்மையானது. தடைக்கு முன் அவருக்கு ஆறு மாத அவகாசம் கொடுக்கலாம். முதல் குற்றத்துக்கு எச்சரிக்கையோடு விடலாம்; அபராதம் என்ற பெயரில் மாமூல் வசூலாக அது மாறிவிடாமல் பார்த்துக்கொள்வது அரசின் கடமை. பீடிக்கு விலக்கு கூடாது என்பதில் மட்டும் உறுதி வேண்டும். பீடியில் புகையிலை குறைவு, ஆனால் அணையாமலிருக்க அடிக்கடி இழுக்க வேண்டியிருப்பதால் தாரும் நிக்கோடினும் குறைவதில்லை. சிகரெட்டைத் தடுத்து பீடியை விட்டால், பாதிப்பு இன்னும் ஏழையானவர் தலையில் விழும். திருநெல்வேலி, தென்காசி, வேலூர் வட்டாரங்களில் பீடி சுற்றும் பெண்களுக்கு மாற்று வேலை தருவது தனியே பேசித் தீர்க்க வேண்டிய கடமை. அவர்களைக் காட்டி இந்தத் தடையைத் தள்ளிப்போடுவது அவர்களுக்கும் நன்மை செய்யாது. புகையிலைத் தூளைச் சுவாசித்து முதலில் இருமுகிறவர்கள் அவர்கள்தாம்.

முதலமைச்சரும் மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சரும் இந்த ஆணையை இவ்வாண்டே பிறப்பிக்க வேண்டும். பெரிய நிதி ஒதுக்கீடும் இதற்குத் தேவையில்லை.

இதைப் படிக்கும் புகைப்பழக்கம் உள்ளவர்கள் ஆணைக்காகக் காத்திருக்க வேண்டாம். பிரிட்டனின் மருத்துவர்களை 50 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வில், 40 வயதில் புகையை விட்டவர்கள், விடாமல் தொடர்ந்தவர்களைவிட ஒன்பது ஆண்டு கூடுதலாக வாழ்ந்தார்கள். 60 வயதில் விட்டவர்களுக்குக்கூட மூன்று ஆண்டு கிடைத்தது. பெட்டியில் அச்சாகியும் உங்கள் கண்ணில் படாத எண் 1800-11-2356. தமிழிலும் பேசலாம்.